கறையான் தின்ற இடாப்பும் புல் தின்ற நந்தியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்கத்தாவுக்கு வடக்கே சந்தன்நகர் என்றொரு ஊர். புதுச்சேரியைப் போல அதுவும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஊர்தான். அங்குள்ள பழைய கல்லூரியில் ஊரின் பழம்பொருள்களையும் வெள்ளையரை எதிர்த்தவர்களின் கதையையும் சேர்த்து ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். 1862இல் தொடங்கிய கல்லூரி அது. 1901இல் பிரெஞ்சு ஆளுநராக இருந்த டூப்ளேயின் பெயரைச் சூட்டினார்கள். அங்கே படித்த கனாய்லால் தத்தா, காட்டிக்கொடுத்த அரச சாட்சியை அலிப்பூர் சிறைக்குள்ளேயே சுட்டுக் கொன்றார். 1908 நவம்பரில் தூக்கிலிட்டபோது அவருக்கு வயது 20. ஆசிரியரும் மாணவரும் புரட்சிக்காரரோடு சேர்ந்துவிட்டார்கள் என்று அதே ஆண்டில் மூடிய கல்லூரி வகுப்புகள் 1931இல்தான் திரும்பத் திறந்தன. 1948இல் டூப்ளேயின் பெயரும் போயிற்று. என்னைக் கேட்டால், மூடிக்கிடந்த அந்த 23 ஆண்டுகள்தான் அங்குள்ள பெரிய காட்சிப்பொருள்.

மட்டக்களப்புப் பாடசாலைகளிலும் இப்படி ஓர் அருங்காட்சியக அறை வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். சந்தன்நகர்க் கதையை அறிந்தபோது எனக்கு நம்முடைய பாடசாலை ஒன்றின் களஞ்சிய அறை ஞாபகத்துக்கு வந்தது. பெயர் வேண்டாம். நான் அங்கே படிப்பித்த காலத்தில் பிள்ளைகளைச் சேர்த்த விவரம் பதிந்த பழைய சேர்வு இடாப்புகளும், அதிபர்மார் கைப்பட எழுதிய சம்பவத் திரட்டுப் புத்தகங்களும் உடைந்த வாங்குகளுக்கு அடியில் கிடந்தன. ஒன்றைத் தூக்கினேன், மட்டை மட்டும் கையோடு வந்தது, உள்ளே முழுக்கக் கறையான் மண். மறுகா வந்த விடுமுறையில் அறையைத் துப்புரவாக்கி, மிச்சத்தைப் பழைய பேப்பர்காரருக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டார்கள். நானும் அன்று வாய் திறக்கவில்லை. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814இல் மட்டக்களப்பில் வந்திறங்கித் தொடங்கிய பள்ளிதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார், ஆனால் பள்ளி நிலைத்துவிட்டது. புனித மிக்கேல் கல்லூரி 1873இல் வந்தது. விபுலாநந்த அடிகளின் சமாதி கல்லடியில் சிவானந்தா வளவில் இருக்கிறது. இவ்வளவு பழைய கல்விக்கூடங்கள் உள்ள ஊரில் 1978 சூறாவளியும் 2004 கடற்கோளும் யுத்தமும் கொண்டுபோனது போக மீதி இருப்பதையாவது எண்ணிப் பார்க்க வேண்டாமா?

“நமக்குக் கனாய்லால் போல ஆளில்லையே, எதைக் காட்டுவது?” என்று ஒரு நண்பர் கேட்டார். சரி, வீரர் சிலை வைப்பதற்கு என்றால் கஷ்டம்தான். ஆனால் நம்முடைய கதை சிக்கலான கதை, அதனாலேயே பிள்ளைகள் பார்க்க வேண்டியது. போர்த்துக்கீசர் 1628இல் வாவிக்கரையில் கோட்டை கட்டினார்கள். 1638இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரைக் கூட்டிவந்து அதைப் பிடித்தான். உடன்படிக்கையும் இங்கேதான் எழுதப்பட்டது. துரத்த வந்தவர்கள் தாங்களே குந்திக்கொண்டார்கள். பிறகு 1804இல் ஜோன்ஸ்டன் என்ற ஆங்கிலேயத் தளபதி மட்டக்களப்பிலிருந்துதான் சுமார் 300 படையினரோடு கண்டிக்குப் புறப்பட்டார். வேறு பக்கங்களிலிருந்து வரவேண்டிய படைகள் வரவில்லை. கண்டியில் தனியே மாட்டிக்கொண்டு, அடிபட்டு, ஒருவழியாகத் திருகோணமலைக்குப் போய்ச் சேர்ந்தார். பிற்பாடு அதைப் புத்தகமாகவும் எழுதினார். அந்தப் படையின் சுமைகளைக் காட்டுவழியே தூக்கிப் போனவர்கள் யார்? எத்தனை பேர் வழியில் போட்டுவிட்டு ஓடினார்கள்? ஓடியதும் ஓர் எதிர்ப்புத்தான் என்று நான் நினைக்கிறேன்; வரலாற்று ஆசிரியர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

கொக்கட்டிச்சோலைச் சிவன் கோயில் நந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலை இடிக்க வந்த பறங்கித் தளபதி, “இந்தக் கல்மாடு புல் தின்னுமா?” என்று ஏளனம் செய்ய, நந்தி எழும்பிப் புல்லைத் தின்றது என்பது கதை. அது நடந்ததா என்று விசாரிப்பது அருங்காட்சியகத்தின் வேலையல்ல. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஊருக்கு ஊர் கதை கொஞ்சம் மாறும். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் கைத்தொலைபேசியோடு போய், ஆச்சிமார் சொல்கிறபடியே பதிவுசெய்து வந்தால் போதும். அண்ணாவிமார் வீட்டுக் கூத்துக் கொப்பிகள், கொம்புமுறி விளையாட்டுப் பாடல்கள், காத்தான்குடி, சம்மாந்துறைப் பக்கத்துப் பழைய காணி உறுதிகள் எல்லாம் அதே வழியில் வரும். பறங்கியர் குடும்பங்களின் போர்த்துக்கேயப் பேச்சையும் கபிறிஞ்ஞாப் பாட்டையும் விட்டுவிடக் கூடாது. ஆள வந்தவர்களின் வழிவந்தவர்கள் இன்று நம் தெருவில் மரவேலை செய்து வாழும் நம் ஆட்கள். அவர்களை எந்த அலுமாரியில் வைப்பது என்ற கேள்வி வருமே, அது நல்ல கேள்வி.

பெரிய கட்டடம் கேட்கவில்லை. ஓர் அறை, கறையான் ஏறாத இரும்பு அலுமாரி, வெயில் நேரே விழாத யன்னல், பொறுப்பாக ஒரு ஆசிரியர். பழைய மாணவர் சங்கங்கள் வருடாவருடம் வரவேற்பு வளைவுக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கு போதும். ஏடுகளை மட்டும் தயவுசெய்து ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், லமினேட்டும் பண்ண வேண்டாம். அந்தக் கூத்தையும் பார்த்திருக்கிறேன்.

என் வீட்டில் அப்பாவின் மரைக்கால் ஒன்று கிடக்கிறது. எந்தப் பாடசாலை முதலில் கேட்டாலும் கொடுப்பேன். ஆனால் பற்றுச்சீட்டு வேண்டும். யார் கொடுத்தது, எந்த வயல் வட்டையில் நெல் அளந்தது என்று பக்கத்தில் எழுதியும் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.