எண்பது முடிந்தது, ஒன்று பாக்கி

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். போனில் பேசினால் பாதியில் அம்மா வாங்கிக்கொள்வாள். தவிர, ஸ்டேஷனில் ரைட்டராகவே காலம் தள்ளியவனுக்கு எழுதினால்தான் எதுவும் கோர்வையாக வரும்.

நீ டிவியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போன இங்கிலாந்துத் துப்பறியும் தொடர் ‘மிட்சோமர் மர்டர்ஸ்’ விடாமல் ஓடுகிறது. ராத்திரி அந்த ஆரம்ப இசை கேட்டதுமே அம்மா அடுக்களையிலிருந்து, “உங்க பேய் வந்திருச்சு” என்று குரல் கொடுப்பாள். அப்படி இழுத்து அழுவது தெரமின் என்கிற வாத்தியமாம். தொடவே வேண்டாம், காற்றில் கையை அசைத்தால் பாடுமாம். கைரேகை விழாத வாத்தியம்!

ஆனால் அதில் துப்புத் துலக்குகிற போலீஸ் அதிகாரி பார்னபி வேலை செய்கிற லட்சணத்துக்கு எங்கள் டி.எஸ்.பி. என்றால் மெமோ கொடுத்திருப்பார். மகஜர் கிடையாது, சாட்சி கையெழுத்து கிடையாது. டாக்டர் புல்லார்ட் குனிந்து பார்த்துச் செத்த நேரத்தைச் சொல்வார், இவர் சார்ஜென்ட்டைக் கூட்டிக்கொண்டு காரில் ஏறிவிடுவார். சி.டி. ஃபைலை, அதாவது கேஸ் டைரியை, யார் எழுதுகிறார்கள் என்று இதுவரை ஒரு கதையிலும் காட்டவில்லை. கொலைகளோ அதற்கு மேல். ஒருவனைப் புல்தரையில் கட்டிப்போட்டு, கவண் பொறியில் ஒயின் பாட்டில்களை வைத்து அடித்தே கொல்கிறார்கள். எங்கள் சரகத்தில் அரிவாள், இல்லாவிட்டால் பூச்சிமருந்து, அவ்வளவுதான்.

கதையில் காஸ்டன் என்கிற டவுன் வரும்போதெல்லாம் அம்மாவும் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். மிட்சோமர் என்று ஒரு மாவட்டமே கிடையாது, ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரிலும் பக்கிங்காம்ஷயரிலும் எடுக்கிறார்கள் என்று நீ சொன்னாய் அல்லவா, அவளுக்கு அதெல்லாம் வேண்டாம். காஸ்டன் என்று காட்டுகிற வாலிங்ஃபோர்டில், கார்ன் எக்ஸ்சேஞ்ச் தியேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து நாம் புளிசாதம் சாப்பிட்டோமே, அந்த இடம் திரையில் வருகிறதா என்பதுதான் கவலை. “நம்ம பெஞ்சு, நம்ம பெஞ்சு” என்று கத்துவதில் எனக்கு இரண்டு வசனம் போய்விடும்.

சரி, சொல்ல வந்தது வேறு.

1997-இல் வந்த முதல் கதையைப் போன வாரம் மறுபடி போட்டுப் பார்த்தேன். பேட்ஜர்ஸ் டிரிஃப்ட் என்று ஒரு கிராமம். எமிலி சிம்ப்சன் என்ற ரிட்டையர்டு டீச்சர், அபூர்வமான ஆர்க்கிட் பூவைத் தேடிக் காட்டுக்குள் போகிறாள். பார்க்கக் கூடாததைப் பார்த்துவிடுகிறாள். அப்புறம் வீட்டில் செத்துக் கிடக்கிறாள். ஊர் டாக்டர் இயற்கைச் சாவு என்கிறார். வயசானவள், தனியாக இருந்தவள், யார் கேட்கப்போகிறார்கள்? அவளுடைய சிநேகிதி லூசி மட்டும் விடுவதாக இல்லை. அந்தப் பூவை யார் முதலில் கண்டுபிடிப்பது என்று இரண்டு கிழவிகளுக்கும் போட்டி. அதைக் கண்டுபிடித்துவிட்டு என்னிடம் சொல்லாமல் இருப்பாளா என்பதுதான் அவள் வாதமே. இதை வைத்து ஒரு எஃப்.ஐ.ஆர். போட முடியுமா? பார்னபி போகச் சொல்லவில்லை. கேட்கிறார். எண்பத்தொரு கதைக்கும் வாசல் அங்கேதான் திறக்கிறது.

எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. நீ மூன்றாவதோ நான்காவதோ படித்தபோது, ஒரு கிழவி ஸ்டேஷனுக்கு வந்தாள். அக்கா செத்ததில் சந்தேகம் என்றாள். மஞ்சள் பையில் ஒரு எவர்சில்வர் டம்ளரைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள், அக்கா கடைசியாகக் காபி குடித்ததாம். கழுவாமல் கொண்டுவந்திருக்கிறேன் என்று இரண்டு தடவை சொன்னாள். அடியில் டிகாக்‌ஷன் கறை காய்ந்திருந்தது. “இன்ஸ்பெக்டர் ஐயா வரட்டும்மா” என்றேன். ஐயா திருவிழா பந்தோபஸ்தில் இருந்தார். மூன்று நாள் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். நாலாம் நாள் வரவில்லை. ஜெனரல் டைரியில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை. அவள் சந்தேகம் சரியோ தப்போ, இன்றுவரை தெரியாது. உன் அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

போன மாதம் நீ வேலையை விடப்போவதாக ஆரம்பித்தாய். நான் உடனே வீட்டு லோன், விசா என்று குறுக்கே விழுந்தேன். “நான் சொல்றதை முழுசாக் கேளுங்கப்பா” என்றாய். அப்புறம் நல்லா இருக்கீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பதோடு சரி. நீயும் நாலாம் நாள் வராமல் போய்விட்டாய் என்று எனக்குப் பட்டது.

டிசம்பரில் வருவாய் அல்லவா, முதலிலிருந்து சொல். லோனைப் பற்றி வாய் திறக்க மாட்டேன்.

எண்பது கதை பார்த்தாகிவிட்டது. எண்பத்தொன்றாவது, 2011-இல் வந்தது, ஜான் நெட்டில்ஸ் பார்னபியாக நடித்த கடைசிக் கதை. அதை உனக்காக வைத்திருக்கிறேன். அப்புறம் அந்த இடத்துக்கு வரப்போகிறவரை எனக்கு முன்பே தெரியும். பிரைட்டனில் இருக்கும் பார்னபியின் கஸின் என்று ஒரு கதையில் தலைகாட்டினார். பல வருஷம் முன்னால் இன்னொரு கதையில் தோட்டக்காரனாக வந்த அதே ஆள். ரைட்டர் கண்ணுக்குத் தப்புமா?

அம்மா பருப்புப்பொடி அரைக்க வேண்டுமாம், பெட்டியில் எத்தனை கிலோ இடம் இருக்கும் என்று கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா