கறிவேப்பிலைப் புழுவுக்கு மருந்தடிக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வீட்டுத் தோட்டம் பற்றிய குறிப்பைப் படித்தேன். கறிவேப்பிலைச் செடியில் புழு கண்டால் லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி மருந்து கலந்து அடிக்கச் சொல்லியிருந்தீர்கள். என்ன புழு என்று ஒரு வரி இல்லை. அடித்த இலையை எத்தனை நாள் கழித்து ரசத்தில் போடலாம் என்றும் இல்லை.

நான் மன்னார்குடியில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். மெஷின் கொல்லைப்பக்க ஜன்னலோரம் கிடக்கிறது. கண்ணில் படுகிற பூச்சியையெல்லாம் படமெடுப்பது சில வருடமாகவே பழக்கம். பெரிய கேமரா ஒன்றும் இல்லை, செல்போன்தான். அதில் மாட்டுகிற சின்ன கிளிப் லென்ஸை மகன் வாங்கித் தந்தான். வெயில் ஏறும் முன்பே எடுத்துவிட வேண்டும், சூடு பட்டால் எதுவும் ஓரிடத்தில் நிற்காது. காற்றடித்தால் காம்பையும் மூச்சையும் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

எங்கள் கறிவேப்பிலையில் வருகிற புழு எலுமிச்சைப் பட்டாம்பூச்சியினுடையது. கறிவேப்பிலை அழகி என்கிற கறுப்புப் பட்டாம்பூச்சியும் இதே செடியில்தான் முட்டையிடும். தளிரில் வெளிர்மஞ்சளாக, கடுகைவிடச் சிறிதாக, ஒவ்வொன்றாக ஒட்டியிருக்கும். பொரிந்து வரும் குட்டிப்புழு பழுப்பில் வெள்ளைத் திட்டோடு அசல் காக்கை எச்சம். குருவிகூட ஏமாந்து போகும். தோலுரித்து வளர்ந்த பிறகுதான் இலைப்பச்சைக்கு மாறுகிறது. அப்போது லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பு ஒன்று வெளியே நீளும். கூடவே ஒரு வாடை. கொம்பு உள்ளே போவதற்குள் படமெடுக்கிறவர் கெட்டிக்காரர்! பிறகு ஒரு குச்சியில் சாய்ந்து, இடுப்பைச் சுற்றி ஒற்றை நூல் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிவிடும். அந்த நூலின் நேர்த்தியை லென்ஸில் பார்த்தபோது என் தொழில்மேல் எனக்கிருந்த கர்வம் கொஞ்சம் இறங்கியது.

செடி மொட்டையாகிவிடாதா என்று கேட்பீர்கள். ஆளுயரச் செடி சில தளிரைக் கொடுத்துவிட்டு மறுபடி துளிர்த்துக்கொள்ளும். முழங்காலளவு கன்றென்றால் புழுவைக் கையால் எடுத்துப் பெரிய செடியிலோ எலுமிச்சையிலோ விட்டுவிடலாம். அதற்கு மருந்து எதற்கு? அதோடு, குளவியும் பல்லியும் கொண்டுபோனது போக மிஞ்சுவதே குறைவு.

மருந்து புழுவை மட்டும் கொல்வதில்லை. பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோவைப் பக்கம் தலைகாட்டி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் வெள்ளையாக மூடியது பலருக்கு நினைவிருக்கும். எவ்வளவு மருந்தடித்தும் அடங்கவில்லை. கடைசியில் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அதை அடக்கின. மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிட்டு அதைக் கொல்கிற, கண்ணுக்குச் சரியாகக்கூடத் தெரியாத குளவிகள். கொல்லையில் கண்டபடி மருந்தடித்தால் முதலில் சாவது அந்த மாதிரி ஆட்கள்தான்.

இதற்காக முருங்கைக் கம்பளிப்பூச்சியையும் கொஞ்சச் சொல்லவில்லை. துணி காயப்போடும் இடத்தில் மொத்தமாக இறங்கினால் நானும் தீப்பந்தம் எடுக்கிற ஆள்தான்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்தமுறை இப்படிக் குறிப்பு போடும்போது புழுவின் படத்தையும் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். எச்சம் போலிருக்கும் வயதில் ஒன்று, பச்சையான பிறகு ஒன்று. இல்லாவிட்டால் இரண்டையும் வேறு வேறு புழு என்று நினைத்து இரண்டு மருந்து வாங்குவார்கள். படம் கிடைக்கவில்லையென்றால் சொல்லுங்கள், என்னிடம் நிறைய இருக்கிறது. அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி.