மனநல மருத்துவர்களே, மறதியைப் பற்றியும் கேளுங்கள்

மனநல மருத்துவர்களுக்கு வணக்கம்.

என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்த குரல்களை மாத்திரைகள் நிறுத்திவிட்டன. அந்த நன்றி எங்களுக்கு எப்போதும் உண்டு. ஆனால் குரல்கள் நின்ற பிறகும் அவரால் ஒரு படிவத்தை முழுதாக நிரப்ப முடியவில்லை. மூன்று வேலை சொன்னால், முதல் வேலை முடிவதற்குள் மற்ற இரண்டும் மறந்துபோகும். மருத்துவரிடம் போனால் ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள்தான்: குரல் கேட்கிறதா, தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா? மறதியைப் பற்றிச் சொன்னால், "இந்த நோய் அப்படித்தான்" என்று பேச்சு முடிந்துவிடும். வீட்டில் நாங்களோ சோம்பேறி என்று பல வருடம் அவரைத் திட்டினோம். அதை நினைத்தால் இன்றும் மனசு அறுக்கிறது.

உங்களுக்கு இது புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் மனநல மருத்துவர் கிரேப்லின் இந்த நோய்க்கு வைத்த பெயரே 'வயதுக்கு முந்திய அறிவுத் தேய்வு' என்ற பொருள் கொண்டது. பலருக்குக் கவனமும் நினைவும் முதல் குரல் கேட்பதற்கு முன்பே தளரத் தொடங்கிவிடுகின்றன. குரல்களை நிறுத்துவதற்காக டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைத் தடுக்கும் மருந்துகள் அவற்றைப் பெரிதாக மீட்பதில்லை. மனச்சோர்விலும் இது உண்டு. அழுகை நின்று, பசி திரும்பி, வேலைக்கும் போன பிறகு, படித்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிப்பவர்கள் எத்தனை பேர்! குணமாகிவிட்டதாகச் சொல்லிவிட்டதால் அவர்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள்.

மனச்சிதைவில் வரும் இந்தக் குறைபாட்டுக்கென்றே சோதித்துப் பார்த்த ஐக்ளெபெர்டின் மருந்தும் 2025இல் இறுதிக்கட்டச் சோதனைகளில் பலன் காட்டவில்லை. சரி, மருந்து இல்லை. அதற்காகக் கைவிட வேண்டியதில்லையே. கவனமும் சிந்தனை வேகமும் எப்படி இருக்கின்றன என்று பார்க்க, எண்களுக்கு உரிய குறியீடுகளை எழுதவைக்கும் சோதனைக்கு 2 நிமிடம் போதும். மனநோய் மருந்துகளால் வரும் நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் தரும் டிரைஹெக்ஸிஃபெனிடில் நினைவை மங்கச் செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். அது இன்னும் தேவையா என்று அவ்வப்போது பாருங்கள். குறைப்பதானால் நீங்கள்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும், நாங்களாகச் செய்யக் கூடாது. கவனத்தையும் நினைவையும் பயிற்சிகளால் மேம்படுத்தும் அறிவாற்றல் மறுபயிற்சி என்று ஒன்று இருப்பதையாவது எங்களிடம் சொல்லுங்கள். வேலைப் பயிற்சியோடு சேரும்போது அது நன்றாக உதவுகிறது. எங்களுக்கு இதைச் சொல்ல இத்தனை வருடத்தில் ஒருவரும் இல்லை.

அப்புறம், கேள்விகளை என்னிடம் கேட்காமல் அண்ணனிடமே கேளுங்கள். பதிலை யோசித்துச் சொல்ல அவருக்கு நேரம் பிடிக்கும். அதுவும் இந்தக் குறைபாட்டில் சேர்ந்ததுதான். அரை நிமிடம் பொறுத்தால் அவரே சொல்லிவிடுவார்.