இயற்பியல் துறைக்கு வெயில் தெரிந்தவர் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலூர் பக்கத்துக் கல்லூரி ஒன்று, இயற்பியலுக்கு உதவிப் பேராசிரியர் தேவை என்று போன வாரம் தங்கள் நாளிதழில் விளம்பரம் கொடுத்திருந்தது. முனைவர் பட்டம், நெட் அல்லது செட் என்ற விரிவுரையாளர் தகுதித் தேர்வு, அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. அவ்வளவுதான். என்ன ஆய்வு செய்தவர் வேண்டும் என்று ஒரு வார்த்தை கிடையாது. காலநிலையும் எரிசக்தியும் தெரிந்தவர் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு, காட்பாடியில் சோலார் பேனல் பொருத்தும் தொழில் செய்பவன். 2024-இல் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று ஆனதிலிருந்து மொட்டை மாடி ஏறி இறங்கவே பொழுது சரியாக இருக்கிறது. உதவிக்கு வைத்திருக்கும் பையன்களும் இயற்பியல் படித்தவர்கள்தான். கெட்டிக்காரர்கள். ஆனால் கத்திரி சமயத்தில் வீட்டுக்காரர்கள் போன் போட்டு, "வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துது, மாசியில வந்த யூனிட்டுகூட வரலையே, மட்டமான பேனலை மாட்டிட்டீங்களா?" என்று சண்டைக்கு வந்தால், பையன்கள் போனை என்னிடம் நீட்டிவிடுவார்கள்.

பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் அது சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி ஏறக்குறைய 0.35 சதவீதம் இறங்கும். மே மாத உச்சிப் பொழுதில் நம் ஊர் மாடியில் பேனல் 60 டிகிரியைத் தாண்டிவிடும், கை வைக்க முடியாது. அதிலேயே 12 சதவீதம் போச்சு. தூசி படிந்திருந்தால் இன்னும் போகும். பேனலில் இருக்கும் சிலிக்கான் போன்ற குறைகடத்தி சூடானால் மின்னழுத்தம் குறையும் என்று இதே பையன்கள் தேர்வில் படம் போட்டு எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள். ஒரு நாள் மாடிக்குக் கூட்டிப்போய், "நீ எழுதினது இதுதாண்டா" என்று காட்ட ஆள் இல்லை.

பேராசிரியர்களைக் குறை சொல்லவில்லை. நான் பார்த்தவரை இங்கே படிக வளர்ப்பு, நானோ துகள், மெல்லிய படலம் என்றுதான் ஆய்வு செய்துவிட்டு வருகிறார்கள். அதுவும் வேண்டியதுதான், சோலார் செல்லே சிலிக்கான் படிகத்தைச் சீவி எடுப்பதுதானே? ஆனால் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் அதையே செய்துகொண்டிருக்க, புதிதாக வருபவரும் அதே பீக்கரோடு வந்து உட்கார வேண்டுமா?

வெயிலுக்குப் பேர்போன ஊர் இது. சுற்றிலும் பாறைமலை, ராத்திரி பதினோரு மணிக்கும் சுவர் சுடுகிறது. இயற்பியல் நடத்த இதைவிட நல்ல ஊர் எங்கே கிடைக்கும்? சூரியனிடமிருந்து வாங்குவதையும் பூமி திருப்பி அனுப்புவதையும் வைத்து சூடான பொருள் எவ்வளவு வெப்பத்தைக் கதிராக வீசும் என்று சொல்லும் ஸ்டீஃபன்-போல்ட்ஸ்மன் விதியில் கணக்குப் போட்டால், பூமி மைனஸ் 18 டிகிரியில் உறைந்து கிடக்க வேண்டும். உண்மையில் சராசரி 15 டிகிரி இருக்கிறது. மீதி 33 டிகிரியும் நீராவி, கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்களின் உபயம். இரண்டாமாண்டு மாணவர் ஒரே பக்கத்தில் போட்டு முடிக்கும் கணக்கு இது. அந்த கார்பன் டை ஆக்சைடு, 1958-இல் ஹவாயின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் 315 பங்கு. இப்போது 420-க்கும் மேல். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், அப்புறம் மழை பிடித்தால் கொட்டித் தீர்க்கும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தில் தூக்கம் வராது.

ஆய்வுக்கும் பஞ்சமில்லை. குடியாத்தம் பக்கம் தகரக் கூரைக்குக் கீழே எத்தனையோ பேர் பகல் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். ஒரு கூரைக்குச் சுண்ணாம்பு அடித்து, பக்கத்துக் கூரையை அப்படியே விட்டு, இரண்டுக்கும் அடியில் தெர்மாமீட்டரைக் கட்டித் தொங்கவிட்டால் ஒரு எம்.எஸ்சி. புராஜெக்ட் ஆயிற்று. செலவு, சுண்ணாம்பும் ஒரு பிரஷ்ஷும்.

இப்படி ஒருவரை எடுத்தால் அவர் நடத்தப் போதுமான வகுப்புகளை, அதாவது ஒர்க்லோடு, காட்ட முடியாது என்பார்கள். எல்லா மாணவருக்கும் கட்டாயமாக இருக்கிற சுற்றுச்சூழல் பாடத்தை, என் காலத்தில் எந்தத் துறையில் யாருக்குப் பீரியட் காலியோ அவர் தலையில் கட்டினார்கள். அதை இவரிடம் கொடுங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது சான்றிதழை மட்டும் எண்ணாதீர்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சர் சி.வி. இராமனிடம் ஆய்வு செய்த அன்னா மணிக்கு, எம்.எஸ்சி. இல்லை என்ற காரணத்தால் முனைவர் பட்டம் கிடைக்கவில்லை. வானிலைத் துறைக்குப் போன அவர்தான் இந்தியாவில் சூரியக் கதிர்வீச்சை அளக்க நிலையங்களை ஏற்படுத்தினார். இன்றைய விளம்பரப்படி அவருக்கு நேர்காணல் கடிதமே போகாது.

நேர்காணல் அறையிலேயே எல்லாவற்றையும் முடிக்காமல், வருகிறவரை மாடிக்கு அழைத்துப் போய், மாணவர்களை முன்னால் நிறுத்தி, ஒரு பேனலும் மல்டிமீட்டரும் கொடுத்துக் கால் மணி நேரம் பாடம் எடுக்கச் சொல்லலாம். பேனலுக்கு அலைய வேண்டாம். லாரியில் வரும்போது பிரேம் வளைந்த ஒன்று என் கடையில் சும்மா கிடக்கிறது. மின்சாரம் நன்றாகவே வரும்.

இப்படிக்கு,
க.வெ.,
காட்பாடி