வலித்தால் வலிக்கிறது என்று சொல்

கண்ணு,

பேத்தி பிறந்ததிலிருந்து வீடியோ காலில் அவளைத்தான் காட்டுகிறாய். அவள் கொட்டாவி, அவள் விரல், அவள் குல்லா. நேற்று போனை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நீ சோபாவிலிருந்து எழுந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்துவிட்டேன். வலிக்குதா என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்கிறாய். பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தே தலை நரைத்தவளிடம் அந்தப் பேச்சு செல்லாது.

பெரியம்மா போன் பண்ணி, "ஆபரேஷனா? அப்போ வலி தெரியாம பெத்துட்டே" என்றாளாம். அன்று ராத்திரி நீ அழுததாக மாப்பிள்ளை சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. போனில் சொன்னால் பாதியில் குழந்தை அழும், நீ வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். ராத்திரி பால் கொடுக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் படி.

முதலில் உன் உடம்புக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் இடுப்பு வலியைப் பொறுத்தாய். குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குகிறது என்றதும் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். அடிவயிற்றில் தோல், அதற்குக் கீழே கொழுப்பு, அதற்கும் கீழே தசையைப் போர்த்தியிருக்கும் கெட்டியான உறை, எல்லாவற்றையும் வெட்டியிருக்கிறார்கள். வயிற்றுத் தசையைப் பெரும்பாலும் வெட்ட மாட்டார்கள். நடுவில் பிரித்து இரண்டு பக்கமும் ஒதுக்குவார்கள். அப்புறம் குடலை மூடியிருக்கும் சவ்வு, கடைசியில் கர்ப்பப்பை. பிள்ளையை எடுத்த பிறகு உள்ளிருந்து ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வருவார்கள். வெளியே தெரிகிற தையல் ஐந்தாறு அங்குலம்தான். அது ஒன்றிரண்டு வாரத்தில் மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கிற அந்த உறைக்குப் பழைய பலம் வர மாதக்கணக்கில் ஆகும். நீ எழும்போது இழுத்துப் பிடிக்கிறதே, அது அங்கேதான்.

இவ்வளவும் பெரிய ஆபரேஷன் கண்ணு. குடல்வால் ஆபரேஷன் பண்ணிக்கொண்டு வந்தவரை நம் தெருவில் ஒரு மாதம் படுக்கையிலேயே வைத்துக் கஞ்சி ஊற்றுகிறார்கள். நீ அதைவிடப் பெரிய காயத்தோடு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுந்து பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாய். வலி தெரியாமல் பெற்றாய் என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அதில் தேவையில்லாமல் செய்ததும் இருக்கத்தான் இருக்கும். அது டாக்டர்களும் ஆஸ்பத்திரிகளும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது.

இனி மாத்திரை. நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

மாப்பிள்ளையிடம் கேட்டேன். வலி தாங்க முடியாதபோது மட்டும் ஒன்று போட்டுக்கொள்கிறாயாம். பாலில் கலந்துவிடும் என்று பயமாம். வார்டில் இதையே எத்தனை பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! காசிமேட்டுப் பெண் ஒருத்தி, உன்னைவிடச் சின்னவள், முதல் பிரசவம். மாத்திரை போட்டால் பால் கெட்டுவிடும் என்று மாமியார் சொன்னதைக் கேட்டு, நாங்கள் கொடுத்ததையெல்லாம் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். வலியில் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. உட்காராமல் பிள்ளையைச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை. பிள்ளை காம்பை நுனியில் கவ்விக் கவ்விப் புண்ணாக்கியது. மூன்றாம் நாள் மார்பு இரண்டும் பால் கட்டிக் கல்லாகி, காய்ச்சலும் வந்துவிட்டது. படுக்கை விரிப்பை மாற்றும்போதுதான் மாத்திரைகள் உருண்டு விழுந்தன. மாமியாரை உட்கார வைத்து டாக்டரம்மாவே விளக்கிச் சொன்ன பிறகு போட்டுக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்க்கிறேன், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். முகமே வேறு.

பாரசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் பாலில் போவது மிகச் சொற்பம். பால் கொடுக்கிறவர்களுக்கென்றே அவற்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறார்கள். முதல் ஒரு வாரம் பத்து நாள் வலி வரட்டும் என்று காத்திருக்காதே. சீட்டில் எழுதியிருக்கும் நேரத்துக்குப் போட்டுக்கொள். வலி ஏறிய பிறகு அதை இறக்குவது கஷ்டம். ஏற விடாமல் வைப்பது சுலபம். பாரசிட்டமால் மட்டும் 24 மணி நேரத்தில் 4 கிராம், அதாவது 500 மாத்திரை எட்டு, அதற்கு மேல் போகக் கூடாது. ஐபுப்ரோஃபென் வெறும் வயிற்றில் வேண்டாம். அங்கே இங்கிலாந்தில் மருந்துக்கடையில் பாரசிட்டமாலோடு கோடீன் சேர்த்த மாத்திரையும் சீட்டில்லாமல் கொடுப்பார்கள். அதைத் தொடாதே, அது பாலுக்கு ஆகாது.

ரத்தம் உறையாமல் இருக்க ஊசி கொடுத்து அனுப்பியிருக்கிறார்களே, அதைக் கடைசி நாள் வரைக்கும் விடாமல் போட்டுக்கொள். பிரசவமானவளுக்கு ரத்தம் சீக்கிரம் உறையும், ஆபரேஷனும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் வார்டில் மறுநாளே எல்லோரையும் எழுப்பி நடக்க விடுவோம். கூட வந்திருக்கும் அம்மாக்கள் "பச்சை உடம்புக்காரியை இப்படி வதைக்கிறீங்களே" என்று சண்டைக்கு வருவார்கள். நடந்தால் வாயுவும் பிரியும். முதல் இரண்டு நாள் உனக்குத் தோள்பட்டையில் குத்தியதே, அந்த வலிக்கும் வயிற்றில் அடைபட்ட காற்றுதான் காரணம். வீட்டுக்குள்ளேயே சமையலறைக்கும் ஜன்னலுக்கும் நட. படி ஏறுவதை ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தரத்தோடு வைத்துக்கொள்.

படுக்கையிலிருந்து நேராக எழுந்திருக்காதே. முழங்காலை மடக்கி ஒரு பக்கமாகத் திரும்பு, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடு, அப்புறம் முழங்கையை ஊன்றி உடம்பைத் தள்ளு. வேலையைக் கை பார்க்கட்டும், வயிற்றுக்குக் கொடுக்காதே. இருமல், தும்மல், சிரிப்பு வந்தால் சின்னத் தலையணையைத் தையல் மேல் வைத்து அழுத்திக்கொள். பிள்ளையை மடியில் போட்டால் அவள் கால் தையலில் உதைக்கும். அக்குளுக்குக் கீழே, அவள் கால் உன் முதுகுப் பக்கம் போகிற மாதிரி பிடித்துக் கொடுத்துப் பார். ராத்திரியில் ஒருக்களித்துப் படுத்தும் கொடுக்கலாம், ஆனால் நீ தூங்கிவிட்டால் எடுத்துத் தொட்டிலில் போட மாப்பிள்ளை விழித்திருக்க வேண்டும். பால் கொடுக்கும்போது அடிவயிறு சுருட்டிப் பிடிக்கிறது என்றாயே, அது கர்ப்பப்பை சுருங்குகிற வலி. நல்லதுதான், சில நாளில் போய்விடும்.

தண்ணீர் விஷயத்தில் பெரியம்மா சொல்வதைக் கேட்காதே. தண்ணீர் குடித்தால் வயிறு போடும், தையலில் சீழ் பிடிக்கும் என்று நம் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். உன்னை ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பெற்றபோது எனக்கும் ஆபரேஷன்தான். என் வயிற்றில் நெடுக்காக ஓடும் தழும்பைச் சின்ன வயதில் தடவித் தடவிப் பார்ப்பாயே, அதுதான். உன் ஆயா எனக்கு அரை டம்ளர் அரை டம்ளராக அளந்துதான் தண்ணீர் கொடுத்தாள். மலச்சிக்கலில் நான் பட்ட பாடு தையல் வலியைவிடப் பெரிது. நீ ஒவ்வொரு தரம் பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கட்டும். இரும்புச் சத்து மாத்திரையும் சாப்பிடுகிறாய், அது இன்னும் இறுக்கும். கீரை, ஓட்ஸ், ஊறவைத்த திராட்சை எல்லாம் சாப்பிடு. கக்கூஸில் உட்காரும்போது காலுக்கு அடியில் சின்ன ஸ்டூல் போட்டுக்கொள், முக்காதே. அப்படியும் போகவில்லை என்றால் இளக்குவதற்கு மருந்து கேள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாப்பாட்டில் ஆயா செய்ததெல்லாம் தப்பு என்று நினைத்துவிடாதே. பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுப்பாள். காசிமேட்டில் விடியற்காலையில் போய்ப் பால் சுறா வாங்கி வந்து, அவித்துத் தோலுரித்து, முள்ளெடுத்து, மஞ்சள் போட்டு உதிர்த்துப் புட்டு செய்வாள். அந்த வாசனை இப்போதும் எனக்குப் பசியைக் கிளப்பும். ஆனால் சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும், பால் கொடுப்பவர்கள் அடிக்கடி சாப்பிட வேண்டாம் என்று இப்போது சொல்கிறார்கள். நெத்திலி, மத்தி மாதிரி சின்ன மீனாகச் சாப்பிடு. மத்தி அங்கே டின்னிலேயே கிடைக்கும், பூண்டு தூக்கலாகப் போட்டு மாப்பிள்ளையைக் குழம்பு வைக்கச் சொல். பிரசவ லேகியம் என்று கடையில் விற்பதை மட்டும் யார் அனுப்பினாலும் சாப்பிடாதே. அதில் என்ன சேர்த்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

இடுப்பிலும் வயிற்றிலும் கொதிக்கிற தண்ணீரை வாரி அடிக்கும் பழக்கம் உனக்கு வேண்டாம். வெதுவெதுப்பான ஷவரில் குளி. சோப்புத் தண்ணீர் தையல் மேல் ஓடினால் பரவாயில்லை, தேய்க்காதே. குளித்ததும் மெத்தென்ற துணியால் ஒற்றி எடு. வயிறு மடிந்து தையல் மேல் விழும். அந்த மடிப்புக்குள் ஈரம் நின்றால்தான் புண்ணாகும். படுத்திருக்கும்போது கொஞ்ச நேரம் காற்றுப்பட விடு. வயிற்றைக் கட்டுவதானால் தாங்குகிற அளவுக்குக் கட்டு. இறுக்கிக் கட்டினால் வயிறு வற்றும் என்பது வெறும் பேச்சு. தையலைச் சுற்றி மரத்துப்போனது மாதிரி இருந்தால் பயப்படாதே. தோல் நரம்பு அறுந்திருக்கும், உணர்ச்சி வர மாதங்கள் ஆகலாம், கொஞ்சம் மரத்த இடம் அப்படியே நின்றும் விடலாம். எனக்கு இன்னும் ஒரு இடம் அப்படித்தான் இருக்கிறது.

முதுகில் போட்ட ஊசியால் ஆயுசுக்கும் முதுகு வலிக்கும் என்று தண்டையார்பேட்டையில் பேசாத வீடு இல்லை. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும், அவ்வளவுதான். பிறகு வருகிற முதுகுவலி பிள்ளை சுமந்ததில் மூட்டுகள் தளர்ந்ததாலும், குனிந்து குனிந்து பால் கொடுப்பதாலும் வருவது. மார்புக்கு நேரே பிள்ளையைத் தூக்கித் தலையணை கொடு, நீ குனியாதே. ஆனால் உட்கார்ந்தால் தலை பிளந்து, படுத்தால் விட்டுவிடுகிற தலைவலி வந்தால் அது ஊசியால் வருவது. அதற்கு வைத்தியம் இருக்கிறது, உடனே கூப்பிடு.

கூப்பிட வேண்டிய மற்றதையும் சொல்லிவிடுகிறேன், மாப்பிள்ளையும் படிக்கட்டும். தையல் சிவந்து சூடாக வீங்கினாலோ, நாற்றமடிக்கும் நீர் வந்தாலோ, காய்ச்சல் 100.4-ஐத் தொட்டாலோ பிரசவம் பார்க்கும் நர்ஸ், அந்த மிட்வைஃபுக்குப் போன் போடுங்கள், கிடைக்காவிட்டால் மருத்துவ உதவிக்கான 111. ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனைந்தால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் யோசிக்காமல் ஆம்புலன்ஸுக்கு 999. ஒரு கால் மட்டும் கெண்டைச் சதையில் வலித்து வீங்கினாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

பிள்ளையைத் தவிர எதையும் தூக்காதே. துணிக்கூடை, பிள்ளையோடு சேர்த்து அந்தக் கார் சீட், எதுவும் வேண்டாம். அடுத்த பிள்ளையைப் பற்றி இப்போது பேச்சில்லை என்றாலும், ஆறாவது வாரம் டாக்டரிடம் போகும்போது கருத்தடையைக் கேட்டுக்கொண்டு வா. தையல் போட்ட கர்ப்பப்பைக்கு ஒன்றரை வருஷமாவது ஓய்வு வேண்டும்.

அழுகை வருகிறதே, அதையும் வலி என்றே எடுத்துக்கொள். பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து காரணமில்லாமல் கண் கலங்குவது நிறையப் பேருக்கு வரும், இரண்டு வாரத்துக்குள் தெளிந்துவிடும். அதற்கு மேலும் இருந்தால், பிள்ளையைப் பார்த்தாலே பயம் வந்தால், தியேட்டருக்கு ஓடியது கனவில் திரும்பத் திரும்ப வந்தால், வீட்டுக்கு வருகிற நர்ஸிடம் இதையும் சொல்ல வேண்டும். அவர்கள் கேட்கும்போது "ஐ ஆம் ஃபைன்" என்று என்னிடம் சொல்கிற மாதிரி சொல்லிவிடாதே. ராத்திரி மூன்று மணிக்கு உனக்கு யாருமில்லை என்று தோன்றினால் என்னைக் கூப்பிடு. இங்கே அப்போது விடிந்திருக்கும், நான் பால் பாக்கெட் வாங்க எழுந்திருப்பேன்.

நைனாவுக்கு இப்போது பரவாயில்லை, காலையில் மணிக்கூண்டு வரைக்கும் நடந்துவிட்டு வருகிறார். விசா கைக்கு வந்ததும் அவரை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டி நாலு எடுத்து வைத்திருக்கிறேன், ராகி மாவும் சுக்கும் அரைத்தாகிவிட்டது. அதற்குள், இன்றைக்கே, மாப்பிள்ளையை வெளிச்சத்தில் வைத்துத் தையலை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல். வலது ஓரத்தில் கொஞ்சம் ஈரமாக இருக்கிறது என்று அவர் சொன்னதை நான் பார்க்க வேண்டும். மிட்வைஃபுக்கும் காட்டு.

அம்மா