ஒரு பக்கமே சுத்தின மெஷின்

பாளையங்கோட்டை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூணு வாரம் ஆச்சு. வாக்கர் இல்லாமல் மாடிப்படி ஏறினேன்னு எழுதியிருந்தியே, அதைப் படிச்ச அன்னிக்கே பதில் போடணும்னு நினைச்சேன். முடியலைட்டி. அந்த வாரம் முழுக்கக் கையால் துணி துவைச்சு, இடுப்பு என்னைத் திட்டாத திட்டு இல்லை.

எங்க வாஷிங் மெஷின் உனக்குத் தெரியும். 2012 பொங்கலுக்கு வாங்கினது, ரெண்டு தொட்டி வச்ச செமி ஆட்டோமேட்டிக். "இன்னும் இதையா வச்சிருக்கே"ன்னு போன தடவை வந்தப்போ நீ சிரிச்சே. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தெருத்தண்ணி பின்கட்டுக்குள்ளே வந்தப்போ, நானும் இவரும் பக்கத்து வீட்டுப் பையனுமாத் தூக்கி மாடிப்படியில் வச்சுக் காப்பாத்தின மெஷின் அது. வெள்ளத்துக்கே தப்பினது, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாத நாளில், வேலையைக் காட்டிடுச்சு.

ஒரேயடியா நின்னு போயிருந்தாலும் பரவாயில்லை. ஓடுச்சு, ஆனால் ஒரே பக்கமா. வலப்பக்கம் சுத்தும், நிற்கும், இடப்பக்கம் திரும்பவேண்டிய நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும், மறுபடி வலப்பக்கமே சுத்தும். மூடியைத் திறந்து பார்த்தால் இவர் வேட்டி, என் சேலை, பெட்ஷீட் எல்லாம் தேர்வடம் மாதிரி முறுக்கிக்கிட்டுக் கிடக்கு. பிரிச்செடுக்க ரெண்டு ஆள் வேண்டியிருந்தது.

மெக்கானிக் தம்பி ஒருத்தர் வந்தார். மூடியைத் திறந்தார், ஒரு தடவை ஓட விட்டார், "மோட்டார் போச்சும்மா, 3,500 ஆகும். இதுக்கு மேலே கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிடலாம்"னு சொல்லிட்டு, வந்ததுக்கு 200 வாங்கிக்கிட்டுப் போனார். இவர் அன்னிக்கு ராத்திரியே போனில் புது மெஷின் விலை பார்க்க ஆரம்பிச்சுட்டார்.

எனக்குத் தூக்கம் வரலை. காசுக்காக இல்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு 31 வருஷம் கரும்பலகையில் எத்தனை தடவை அந்த மோட்டார் படத்தைப் போட்டிருப்பேன்! வீட்டுக்கு வர்ற ஒற்றைக்கட்ட மின்சாரத்தில் மோட்டார் தானாக் கிளம்பாது, ரெண்டாவது சுருளுக்கு மின்தேக்கி வழியாக் கட்டம் தள்ளி, அதாவது மின்னோட்ட அலையைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்திக் கொடுக்கணும். மின்தேக்கின்னு நாம சொல்றதைத்தான் கடையில் கண்டென்சர்ங்கிறாங்க. துவைக்கிற மோட்டாரில் ரெண்டு சுருளும் ஒரே மாதிரி இருக்கும், ரெண்டுக்கும் நடுவில் கண்டென்சர். கரண்டை முதல் சுருளுக்கு நேராக் கொடுத்தால் ரெண்டாவதுக்குக் கண்டென்சர் வழியாப் போகும், மோட்டார் ஒரு பக்கம் சுத்தும். ரெண்டாவதுக்கு நேராக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுத்தும். அப்படி மாத்தி மாத்திக் கொடுக்கிற வேலைதான் டைமருக்கு.

படுத்தபடியே யோசிச்சேன். எந்தப் பக்கம் சுத்தினாலும் ரெண்டு சுருளும் வேலை செய்யணும், கண்டென்சரும் வேலை செய்யணும். அப்போ வலப்பக்கம் நல்ல வேகத்தோடு சுத்துதுன்னால் மூணுமே நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்? கண்டென்சர் போயிருந்தால் ரெண்டு பக்கமும் உறுமிக்கிட்டு நிற்கும். மோட்டார் எரிஞ்சிருந்தால் வாசனையே காட்டிக் கொடுத்திருக்கும். மிச்சம் இருக்கிறது டைமரும், அதிலிருந்து போற வயரும்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "மோட்டார் போகலை"ன்னு சொன்னேன். இவர் யாரோ சொந்தக்காரரைச் சொல்றேன்னு பயந்துட்டார்.

மறுநாள் காலையில் காப்பி குடிச்ச கையோடு ஆரம்பிச்சேன். இவருக்குக் கொஞ்சமும் சம்மதம் இல்லை. ஸ்விட்சை அணைச்சால் போதாது, பிளக்கையே பிடுங்கிடணும்னு நான் சொன்னதும், அந்தப் பிளக்கைக் கையில் பிடிச்சபடி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ரெண்டு மணி நேரம் பிளக்கைக் கீழே வைக்கவே இல்லை! நடுவில் போஸ்ட்மேன் கூப்பிட்டதுக்கும் உட்கார்ந்த இடத்திலிருந்துதான் பதில்.

பின்னால் இருந்த ஸ்க்ரூவெல்லாம் துரு. முந்தின ராத்திரியே தேங்காய் எண்ணெய் விட்டு வச்சிருந்தேன். மூணு வந்தது, நாலாவது தலை வழுக்கி, அதோடு மட்டும் அரைமணி நேரம் போராட்டம். டைமர் குமிழும் லேசில் வரலை. நெம்பினால் பேனல் உடைஞ்சிடுமேன்னு பாவாடை நாடாவைப் பின்பக்கமாச் சுத்தி நேரா இழுத்தேன், பல் பிடுங்கின மாதிரி 'டொப்'னு வந்துச்சு. கண்டென்சரில் சார்ஜ் தங்கியிருக்குமேன்னு, பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் ரெண்டு முனையையும் சேர்த்துத் தொட்டேன். ஒரு பொறிகூட வரலை. சுருள் வழியாகவே எப்பவோ வடிஞ்சிருக்கும். ஆனாலும் தொட்டுப் பார்க்காமல் கை வைக்கக்கூடாது.

டைமர் ஒரு சோப்பு டப்பா அளவுதான். ஆறு வயர். அதில் மூணுதான் முக்கியம், மிச்சம் பஸ்ஸருக்கும் சாஃப்ட்-நார்மல் குமிழுக்கும் போகுது. ஒவ்வொண்ணிலும் பிளாஸ்திரித் துண்டு ஒட்டி நம்பர் போட்டேன், போட்டோவும் எடுத்துக்கிட்டேன். வயரைப் பிரிக்காமல், இணைப்பு இருந்தால் பீப் அடிக்கிற மல்டிமீட்டரை வச்சப்போ எங்கே தொட்டாலும் ஏதோ ஒரு அளவு காட்டிச்சு. மோட்டார் சுருள் வழியாச் சுத்திக்கிட்டு வருதுன்னு புரிய நேரமாச்சு. பிரிச்சு எடுத்து, குமிழைத் திருகி விட்டுப் பார்த்தேன். பொது வயருக்கும் ரெண்டாம் நம்பருக்கும் நடுவில் 'பீப்', அப்புறம் அமைதி. மூணாம் நம்பரில் வரவேண்டிய பீப் வரவே இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை என்னன்னு சொல்ல! மின்தடை அளக்கிற மீட்டர் பிரிட்ஜில் முள் பூஜ்யத்துக்கு வந்ததும் லேபில் நாம கத்துவோமே, அப்படிக் கத்திட்டேன். இவர் பிளக்கை இன்னும் இறுக்கிப் பிடிச்சார்.

அந்தப் பழைய டைமரைத் திறந்தும் பார்த்தேன். கடிகாரம் மாதிரியேதான், ஸ்பிரிங், பல்சக்கரம், அது சுத்தச் சுத்தத் தூக்கி இறக்குகிற மேடு பள்ளம், அதுக்கு மேலே மெல்லிய தகடுகள். மூணாம் நம்பர் தகட்டின் முனை கரிக்கட்டை. ஏன்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுருளில் ஓடற கரண்டைத் துண்டிக்கிறப்போ, சுருள் அதை நிற்கவிடாமல் தள்ளப் பார்க்கும்; அந்தத் தன் மின்தூண்டல்தான் பொறியைக் கிளப்பும். 15 நிமிஷத் துவையலில் 30 தடவையாவது மாறும். வாரம் நாலு தடவை, 12 வருஷம், கணக்குப் போட்டேன், 74,880. அத்தனை தடவை பொறி பட்டால் எந்தத் தகடுதான் தாங்கும்?

ஜங்ஷன் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 320 ரூபாய்க்குப் புதுசு கிடைச்சது. பழசைக் கொண்டுபோகாமல் இருந்திருந்தால் திரும்பி வந்திருப்பேன், ஏன்னால் கடைக்காரர் முதலில் கேட்டதே "எத்தனை வயர்? தண்டு என்ன வடிவம்?" வீட்டுக்கு வந்து பார்த்தால் வயர் நிறம் ஒண்ணும் பொருந்தலை. பழசில் நீலம் பொதுன்னால் புதுசில் வெள்ளை. நிறத்தை நம்பிச் சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. மறுபடி மீட்டரை வச்சு, குமிழைத் திருகி, எது எதோடு மாறி மாறிச் சேருதுன்னு பார்த்துத்தான் இணைச்சேன். முறுக்கி டேப் சுத்தாமல் கனெக்டர் போட்டு, ஈரம் படாத மாதிரி மேலே தூக்கிக் கட்டிட்டேன்.

இவர் பிளக்கைச் சொருகின அழகை நீ பார்த்திருக்கணும், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கிட்டு. வலப்பக்கம் சுத்திச்சு. நின்னுச்சு. இடப்பக்கம் சுத்திச்சு! ரெண்டு பேரும் ஒரு 15 நிமிஷம் வெறும் தண்ணி சுத்தறதைப் பார்த்துக்கிட்டே நின்னோம்.

ஒரு குறை இருக்கு. புது டைமரின் தண்டில் தட்டைப்பக்கம் வேற கோணத்தில் இருக்கு. அதனால் நேரம் முடிஞ்சு பஸ்ஸர் அடிக்கிறப்போ குமிழ் ஆஃபில் நிற்காமல் மூணில் நிற்குது. பேத்தியோட நெயில் பாலிஷில் அங்கே ஒரு சிவப்புப் புள்ளி வச்சிருக்கேன். ஆனாலும் இவர் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் போய், "இன்னும் மூணு நிமிஷம் இருக்கு"ன்னு காத்துக்கிட்டு நிற்கிறார். நான் ஒண்ணும் சொல்றதில்லை.

பிசியோதெரபிக்கு இன்னும் போறியா? உன் வீட்டு மிக்ஸி உறுமுதுன்னு எழுதியிருந்தே, யாரிடமும் கொடுத்துடாதே, மாசக் கடைசியில் நான் வர்றேன்.

உன்,
பழைய லேப் பார்ட்னர்