பங்குனியைக் கரை சேர்த்தவர்களுக்கு

பல்லாவரம் உழவர் சந்தைக்குக் காய் வாங்க வரும் அக்காக்கள், அண்ணன்கள், பெரியவர்கள், குன்றத்தூர்ப் பக்கத்து எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மாசி மகத்துக்குக் கொஞ்சம் முன்னால் அப்பா மோட்டார் கொட்டகைப் படியில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். "கீரைக்காரர் எங்கேம்மா?" என்று சந்தையில் கேட்காத ஆள் இல்லை. மாவுக்கட்டைப் பிரித்தாகிவிட்டது. கோலை ஊன்றிக்கொண்டு வரப்பு வரை வருகிறார். நாங்கள் கட்டும் கீரைக்கட்டு ஒன்று போல இல்லை என்று குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்.

ஐப்பசி மழையில் விழுந்திருந்தால்கூடச் சமாளித்திருப்போம், அப்போது தோட்டத்தில் பாதி தண்ணீரில் கிடக்கும். இவர் விழுந்ததோ எல்லாம் ஒன்றாக வந்து நிற்கிற நேரம். தைப் பட்டத்து வெண்டை 45 நாளில் காய்ப்புக்கு வரும். வந்துவிட்டால் ஒன்று விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் முற்றிப்போய் மாட்டுக்குத்தான். சிறுகீரை 25 நாள் பயிர், பாத்தி பாத்தியாக முறை வைத்து அறுக்க வேண்டும். பங்குனி வெயிலுக்குத் தண்ணீரும் அடிக்கடி கேட்கும்.

அன்றைக்கு முதலில் வந்து நின்றவர் பக்கத்து நிலத்துப் பெரியப்பா. அவருடைய கொத்தவரையே பறிக்க ஆளில்லாமல் இருந்தது. அதை விட்டுவிட்டு இரண்டு மருமகள்களையும் கூட்டிக்கொண்டு விடியுமுன் எங்கள் வெண்டையில் இறங்கினார். வெண்டைச் சுனை பட்டால் கை அரிக்கும் என்று அந்த அண்ணிகள் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, செல்போன் விளக்கை வாயில் கடித்துக்கொண்டு பறித்தார்கள். காம்பை இழுத்தால் செடி ஆட்டம் காணும், கத்தியால் நறுக்க வேண்டும். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததும் அவர்கள்தான். கூலி என்று பேச்செடுத்தபோது பெரியப்பா பார்த்த பார்வையில் அம்மா பணத்தை மறுபடியும் முந்தானையில் முடிந்துகொண்டார்.

நடுவில் வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சளாக ஓட ஆரம்பித்தது. மருந்துக்கடையில் கேட்டால் ஆளுக்கு ஒரு பாட்டிலைக் கையில் கொடுப்பார்கள். தோட்டக்கலைத் துறையிலிருந்து வந்த மேடம் அப்படிச் செய்யவில்லை. "வந்த செடியைக் காப்பாற்ற முடியாது, வெள்ளை ஈ பரப்புகிற நோய் இது, மற்றதைக் காப்பாற்றலாம்" என்று சொல்லி, புடவையைச் செருகிக்கொண்டு எங்களோடு சேர்ந்து நோய்ச் செடிகளைப் பிடுங்கிப் போட்டார். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டச் சொன்னார். 100 லிட்டருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் சோப்பு கலந்து சாயங்காலத்தில் அடிக்கச் சொன்னார். முக்கால்வாசிக் கொல்லை தப்பியது. மேடம், வேப்பங்கொட்டை இடித்த வாசனை எங்கள் வீட்டு உரலை விட்டு இன்னும் போகவில்லை.

முன்பணம் வாங்கிக்கொண்டு வராமல் போன வேன்காரரைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதற்குப் பதிலாக முதல் பஸ்ஸின் டிரைவர் அண்ணனுக்கும் கண்டக்டர் அண்ணனுக்கும் நன்றி. ஈரச்சாக்கு சுற்றிய கீரை மூட்டையைப் பின்படியில் ஏற்றும் வரை வண்டியை எடுக்காமல் நின்றீர்கள். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டி ஒருவர் பேண்ட் நனைந்தது. அவரும் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து உட்கார்ந்தார், அவர் யாரென்று தெரியாது, அவருக்கும் நன்றி.

அடையாள அட்டை அப்பா பெயரில் இருந்தாலும் குடும்பத்து ஆள் விற்கலாம் என்பதால் சந்தையில் கடை போட எனக்குச் சிக்கல் இல்லை. விற்கத் தெரியாததுதான் சிக்கல். தராசைச் சரியாக வைக்க, விலைப்பலகையைப் பார்த்து விலை சொல்ல, சில்லறையை எங்கே ஒளிக்க என்று எல்லாவற்றையும் பக்கத்துக் கடை முருங்கைக்காய் அக்கா பார்த்துக்கொண்டார். நான் டீ குடிக்கப் போனபோது அவர் காயை விட்டுவிட்டு என் காயைக் கூவி விற்றதை நான் பார்த்தேன் அக்கா.

வாங்க வந்தவர்களில், வெண்டைக்காய் வாலை ஒடித்துப் பார்க்காமல் வாங்கியவர்களுக்குத் தனி நன்றி. ஒடித்தவர்களில், ஒடித்ததை எடுத்துப் போனவர்களுக்கு மட்டும் நன்றி. ஒன்பது மணிக்கு மேல் பங்குனி வெயிலில் கீரை தலை சாய்த்துவிடும், அதன் பிறகு யாரும் தொட மாட்டார்கள். பம்மல் அடுக்குமாடிக் குடியிருப்புப் பெண்கள் முதல் நாள் இரவே போனில் கணக்குச் சொல்லி, மிச்சம் விழாமல் பார்த்துக்கொண்டீர்கள். அந்தப் பணத்தில்தான் அப்பாவின் மருந்துச் செலவு ஓடியது.

கிணற்றடி வேம்பு இந்த வருஷம் கொட்டித் தீர்த்திருக்கிறது. சித்திரை முதல் நாள் பச்சடிக்காக அம்மா பூவைப் பெருக்கி, புடைத்து, நிழலில் காயவைத்திருக்கிறார். வருஷப்பிறப்புக்கு முன்னால் சந்தைக்கு வருகிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குக் காசு வேண்டாம். வெள்ளரிப்பிஞ்சும் வர ஆரம்பித்துவிட்டது, அதற்குக் காசு வேண்டும்.

அப்புறம், இந்த அவசரத்தில் யாரோ கொடுத்த இரண்டு நீலப் பிளாஸ்டிக் பெட்டிகளும் ஒரு எவர்சில்வர் தூக்கும் எங்களிடம் நிற்கின்றன. தூக்கின் மூடியில் ஆணியால் 'ச' என்று பொறித்திருக்கிறது. உங்களுடையதாக இருந்தால் முருங்கைக்காய் அக்காவிடம் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
கீரைக்காரர் வீட்டு மூத்த மகள்